ஐந்து படி வாசல்

போன வாரம் ஒருவர் வந்து, என் வீட்டின் பழைய முன்வாசலுக்கு நான் போட்ட வரைபடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கிள்ளானில் புதிதாக வீடு கட்டுகிறாராம். சில வருடங்களுக்கு முன் இந்தச் சாலையில் போகும்போது பார்த்த வாசல் அவர் மனத்தில் நின்றுவிட்டதாம். இவரோடு சேர்த்து இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் இருக்கிறது. மேசையின் இரண்டாவது இழுப்பறையில், நாலாக மடித்தபடி இருக்கிறது. கொடுக்க மனம் வரவில்லை. அதற்கான காரணம் வந்தவரை நிற்கவைத்துச் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல. ஆகையால் எழுதுகிறேன்.

ரயில்வேயில் சாமான் கிடங்குக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, நான் இருபத்தாறு வருடம் இருந்தேன். வருகிற சாமானை எண்ணி வாங்குவதும், போகிற சாமானை எண்ணிக் கொடுப்பதும்தான் வேலை. அதில் பத்தொன்பது வருடம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டுக்கும் ஒரே அளவுக் கதவு, ஒரே பச்சைச் சாயம், நிலைக்கு மேலே ஓர் எண். எங்களுடையது ஏழாவது. மூன்றாவதில் என் மனைவியின் தங்கை குடும்பம் இருந்தது.

ஒருநாள் நல்ல மழை. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வேலையிலிருந்து வந்தவன், எட்டாவது வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனேன். அந்த வீட்டுப் பெண்மணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கிராணியண்ணே, உங்க வீடு முன்னாடியே போயிடுச்சு. பரவால்ல, சோறு இங்கயும் வெந்துடுச்சு, உக்காருங்க" என்றாள். ஒரு மாதம் வரைக்கும் வரிசை முழுவதும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டில் ஒன்றாக இல்லாத ஒரு வாசல் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

மற்ற நாட்களில் நான் ஏன் வீடு மாறிப் போனதில்லை என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். மழை இல்லாத நாளெல்லாம் ஏழாவது வாசலில் என் மகள் போட்ட கோலம் இருக்கும். தலையைக் குனிந்து வந்தாலும் அது தெரியும். மழையன்றைக்கு அது இல்லை. அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எங்களுக்கு ஒரே மகள். ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்து, பதினொரு நாள் கிடந்து எழுந்தபோது இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலை அவளால் உயரமாகத் தூக்க முடியாது. பக்கவாட்டில் வீசி வைப்பாள். ஆனால் நடப்பாள். குவாட்டர்ஸ் வாசலில் ஒரே ஒரு தாழ்ந்த படி. நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சித்தி வீட்டுக்குப் போவாள், மீன்காரன் வண்டிக்குப் போவாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாள். எங்கள் வாசலிலிருந்து கோயில் வரைக்கும் எனக்கு நானூற்று ஐம்பது அடி. அவளுக்கு அறுநூற்றுச் சொச்சம். கூடவே நடந்து எண்ணியிருக்கிறேன். காலையில் வாசல் தெளித்து, வலது காலில் பாரத்தைப் போட்டுக் குனிந்து, வரிசைக்குப் பதினைந்து புள்ளியாகப் பதினைந்து வரிசை வைப்பாள். இருநூற்று இருபத்தைந்து புள்ளி. அத்தனையும் சுற்றி ஒரே கோடாக இழுத்து, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடிப்பாள். அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கிள்ளானில் நிலம் வாங்கினோம். ஆற்றிலிருந்து அதிக தூரமில்லை. வெள்ளம் வந்தால் உள்ளே வரக்கூடாது என்று செங்கல் தூண்கள்மேல் வீட்டை ஏற்றினேன். தரையிலிருந்து வீட்டுத் தளம் நாற்பத்திரண்டு அங்குலம். ஆக, வாசலுக்குப் படிகள் வேண்டும்.

அந்தப் படிகளையும் வாசலையும் நானே வரைந்தேன். அதற்காகக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தெருத்தெருவாக நடந்து முப்பத்தேழு வீடுகளின் முன்பக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இரட்டைக் கதவு, செங்கால் என்கிற கெட்டி மரம், கதவுக்கு நான்கு சதுரப் பலகை. மேலே அரைவட்டத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடி. இரண்டு பக்கமும் தூண். தூணின் உச்சியில் சுண்ணாம்புப் பூச்சில் பூச்சாடி. படிகளின் முகத்தில் ரோஜாப்பூ போட்ட ஓடுகள், படிக்குப் பன்னிரண்டு. சாலையில் நின்று பார்த்தால் படிகள், கதவு, கூடம், கூடத்தின் கடைசியில் சாமி விளக்கு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். இது என் திட்டத்தின் உயிர்.

இப்படி அழகுபடுத்தியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகளுக்கு அப்போது இருபது வயது. ஒரு வரனும் அமையவில்லை. இப்படி ஒரு வாசலைப் பார்த்து ஏறி வருகிறவர்களுக்கு, உள்ளே பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கால் அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது என்று நினைத்தேன். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

படிகளின் எண்ணிக்கை எங்கள் வழக்கப்படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். முதல் படியில் லாபம், அடுத்ததில் நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். கதவுக்கும் சாலைச் சாக்கடைக்கும் நடுவே எட்டடிதான் இருந்தது. மேலே நிற்க மூன்றடி போனால் மிச்சம் ஐந்தடி. அதில் ஆறு படிக்கு இடம் இருந்தது, ஆறு இரட்டைப்படை. ஏழுக்கு இடம் இல்லை. ஐந்து வைத்தேன். ஒவ்வொரு படியும் எட்டரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.

வீட்டைக் கட்டிய சீனக் கொத்தனார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, படியைச் சுவரோடு பக்கவாட்டில் இறக்கினால் ஒன்பது வைக்கலாமே, தாழ்வாக இருக்குமே என்று சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் சொன்னார். தன் கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, என் மகள் நடப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பக்கவாட்டுப் படி வைத்தால் சாலையிலிருந்து விளக்கு தெரியாது, அது கிடங்குக்குச் சாமான் ஏற்றுகிற வழி மாதிரி இருக்கும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மகளும் கேட்டாள். வரைபடத்தை விரித்து அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, விரலைப் படிகளின்மேல் வைத்து, "அப்பா, ஒசரமா இருக்கும் போலயே?" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? தூக்கிட்டுப் போறேன்."

"நீங்க வெளிய போயிட்டா?"

"ரிட்டையர் ஆயிட்டு எங்கம்மா போகப் போறேன்?"

"ஒரு கைப்பிடியாச்சும் வைங்கப்பா."

கைப்பிடி வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். கதவின் அகலத்தை மூன்று முறை அளந்தவன், ஓடுகளை இரண்டு முறை எண்ணியவன், அவள் இடது கால் எத்தனை அங்குலம் உயரும் என்று அளந்து பார்க்கவில்லை.

குடிவந்த அன்றைக்கு அவளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஐந்து படியும் ஏறினேன். தெருவில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் கழுத்தைத் திருப்பிக் கீழே படிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதன்பின் அவளாக வெளியே போகவில்லை. பின்பக்கம் மர ஏணி. அது இன்னும் செங்குத்து. கதவுக்கு வெளியே இருந்த மூன்றடித் தளம்தான் அவளுக்கு வாசல். அங்கே ஐந்து புள்ளிக் கோலம் போட்டாள். அதுவும் வருகிறவர்கள் காலில் பட்டு அழிந்துவிடும். கோயிலுக்குக் கூப்பிட்டால், "உங்களுக்கு முதுகு வலிக்கும்ப்பா, அடுத்த வாரம் பார்ப்போம்" என்பாள். அப்படி அடுத்த வாரம் ஆன வெள்ளிக்கிழமைகள் முப்பத்தொன்று.

குடிவந்த எட்டாம் மாதம் ஒரு வரன் வந்தது. பையன் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரஸர். எங்களுக்குத் துணி கொண்டுவந்து கொடுக்கிற வியாபாரி பேசி முடித்த இடம். பெண் சாய்ந்து நடப்பாள் என்பதை முன்பே சொல்லியிருந்தோம். நாள் முழுக்கக் காலும் கையும் பார்க்கிறவன் தான், இதிலென்ன இருக்கிறது என்று பையனே சொல்லிவிட்டானாம். இதைக் கேட்ட அன்றைக்கு மனைவி சமையலறையில் திரும்பி நின்று அழுதாள்.

வந்தவர்கள் ஐந்து பேர். சாக்கடைப் பாலத்தின்மேல் நின்று வாசலைப் பார்த்தார்கள். பையனின் தாய்மாமா ஓடுகளைத் தடவி எங்கே வாங்கியது என்று கேட்டார். நான் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது. மகள் கூடத்துப் பாயில் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தையல் வேலையைப் பார்த்து, ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். பையன் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நானும் மனைவியும் இறங்கிப் பாலத்தருகே நின்றோம். பையனின் அம்மா திரும்பி, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, உள்ளயே உக்காந்துட்டா எப்படி? கீழ வந்து வழியனுப்பு. நாளைக்கு எம்புள்ளையையும் இப்படித்தான் நடுக்கூடத்துலேர்ந்து அனுப்புவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனத்தோடு சொன்னதுதான். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு தளத்துக்கு வந்தாள். தூணில் கையை வைத்தாள். கீழே பார்த்தாள். இடது காலை முன்னால் விட்டுப் பார்த்து, மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் படி இறங்க வராதுங்க அத்தை," என்றாள். "அப்பாதான் தூக்கி விடணும்."

அவள் ஒன்றையும் மறைக்கிற பெண் அல்ல. பையனின் அம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, நீ இரு, இரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

எட்டு நாள் கழித்துத் துணி வியாபாரி வந்தார். உள்ளே வரவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சாஞ்சு நடக்கும்னு சொன்னீங்க, சரின்னாங்க. நடக்கவே நடக்காதுன்னு சொல்லலியேன்னு கேக்குறாங்க கிராணி. நம்மள ஏமாத்திட்டாங்கன்னு அந்தம்மா வருத்தப்படுது."

"யார் சொன்னது? நடப்பாளே. பிரிக்பீல்ட்ஸ்ல கோயில் வரைக்கும் தனியா போயிட்டு வருவாளே."

அவர் படியை ஒருமுறை பார்த்தார். "அப்ப உங்க வாசல்ல மட்டும்தான் நடக்காதா?"

அவர் எழுந்து போனதும் உள்ளே போய்ப் பேனாவை எடுத்தேன். பெண்ணைப் பிரிக்பீல்ட்ஸில் வந்து பாருங்கள், நடப்பதைப் பாருங்கள் என்று பையன் வீட்டுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டதாக, மரியாதையாக, நாலே வரி. மனைவி பதினாறு நாள் என்னோடு பேசவில்லை. பதினேழாம் நாள், குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டாள். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய சித்திக்குப் பிரசவம். பத்து நாள் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் கேட்டாள். தூக்கிக்கொண்டு போய் இறக்கி, ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போனேன். பத்து நாள் கழித்துக் கூப்பிடப் போனபோது, பழைய வரிசையின் மூன்றாவது வாசலில் கோலம். பதினைந்து புள்ளி. நான் நின்று எண்ணிக்கொண்டிருக்கையில் அவள் மீன்காரன் வண்டியிலிருந்து கையில் ஓலைப்பெட்டியோடு நடந்து வந்தாள். முகத்தில் வெயில் பட்டு வியர்த்திருந்தது. அந்த முகத்தை ஒரு வருடமாக நான் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் இங்கயே இருக்கேனேப்பா," என்றாள். "இங்க நானே போறேன், நானே வரேன்."

சித்தியும் இருக்கட்டுமே என்றாள். நான் தனியாகத் திரும்பினேன்.

அப்போதே படிகளை இடித்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. மழைக்காலம் போகட்டும் என்றேன். பிறகு தீபாவளி முடியட்டும் என்றேன். அதற்குள் எங்கள் சாலையில் நான்கு வீட்டுக்காரர்கள் என் வாசலைப் பார்த்துத் தங்கள் வாசலைக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். மகள் அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மனைவி மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. இங்கே இருக்கும் நாட்களில் முன்பக்கம் வரவே மாட்டாள். பின் ஏணியில்தான் ஏறி இறங்குவாள்.

நாலாவது வருடம் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பது நாளில் போய்விட்டாள்.

மகள் சித்தி குடும்பத்தோடு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். நானும் சகலையும் அவளைத் தூக்குவதற்காகக் கீழே போனோம். கையை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம்ப்பா. அம்மாவ இங்கதானே கொண்டு வருவீங்க? நான் இங்கயே நிக்கிறேன்."

சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. காலை ஒன்பது மணி தொடங்கிப் பகல் ஒன்றரை வரைக்கும் சாக்கடைப் பாலத்தின் கைச்சுவரைப் பிடித்துக்கொண்டு, மேலே திறந்திருந்த கதவைப் பார்த்தபடி நின்றாள். கூடத்தில் அவள் அம்மாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. நான் ஆசைப்பட்ட நேர்க்கோட்டில் அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

பாடையைத் தூக்கி வந்தார்கள். படி உயரமானதால் முன்னால் பிடித்தவர்கள் இறங்க இறங்கப் பாடை சரிந்தது. "பாத்து, பாத்து, படி ஒசரம்," என்று யாரோ சொன்னார்கள். அதையே மறுபடியும் யாரோ சொன்னார்கள். ஐந்து படிக்கும் நான் அதைக் கேட்டேன். கீழே, தெருவில் வைத்து, மகள் வாய்க்கரிசி போட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அதே கொத்தனாரைத் தேடிப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது. நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் கேட்டுவிட்டு, பழையபடி கையைத் தாழ்த்திக் காட்டி, ஒன்பதுதானே என்றார். ஆமாம் என்றேன். அதற்கு முன் நான் பிரிக்பீல்ட்ஸ் போய், மூன்றாவது வீட்டு வாசற்படியை அளந்துகொண்டு வந்திருந்தேன். ஐந்து அங்குலம். நாற்பத்திரண்டை ஒன்பதால் வகுத்தால் நாலே முக்காலுக்கும் குறைவுதான் வரும். சுவரோரம் இறக்கினோம். இரண்டு பக்கமும் கைப்பிடி. அறுபது ஓடுகளில் உடையாமல் வந்தவை பதினேழு. அவற்றை எங்கும் பதிக்கவில்லை.

மகளிடம் போய்ச் சொன்னேன். "ஒம்பதாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துச் சிரித்தாள். ஒருநாள் வருகிறேன் என்றாள். அந்த ஒருநாள் வர ஐந்து மாதம் ஆயிற்று.

தைப்பூசம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் கீழே நின்றேன். கை தன்னால் நீண்டது, மடக்கிக்கொண்டேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை வைத்து, இடது காலை வீசி இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். ஆறாவதில் நின்று மூச்சு வாங்கினாள். ஒன்பதையும் ஏறித் தளத்தில் நின்று, திரும்பிச் சாலையைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு அவள் தன் காலால் ஏறியது அதுதான் முதல் தடவை.

"நல்லாருக்குப்பா," என்றாள்.

உள்ளே போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் சாமான்களை எடுத்து எடுத்து வைத்தாள். எனக்குச் சோறு வடித்து, மிளகு ரசம் வைத்தாள். இங்கேயே இருந்துவிடேன் என்று கேட்கலாம் என்று நான் நான்கு தடவை வாயைத் திறந்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. அங்கே பதினோரு பிள்ளைகள் தையலுக்கு வருகிறார்கள் என்று அவளே சொன்னாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினாள். அவளாகவே இறங்கினாள். இறங்குவது ஏறுவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. கீழே வந்து தரையைப் பார்த்து, "ஏம்ப்பா, வாசல் வெறுமனே கெடக்குது? கோலமாவு எடுத்துட்டு வாங்க, போட்டுட்டுப் போறேன்," என்றாள்.

மேலே ஓடினேன். மனைவி அதை எதில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். கடைசியில் அடுப்புக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சியில் கிடைத்தது. அடியில் ஒரு விரற்கடை மாவு, ஈரம் கோத்துக் கல்லாகியிருந்தது. அதை அவளிடம் கொண்டுவந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, பரவால்லப்பா, ரயிலுக்கு நேரமாச்சு," என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனோம். அவள் அடிகளை நான் எண்ணவில்லை.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. நான்தான் ஞாயிறுதோறும் போகிறேன். எனக்கும் முழங்கால் பிடித்துக்கொண்டது. இந்த ஒன்பது படியை நான் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

பாசாரில் கோலமாவு வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் வாசல் தெளித்து, குனிய முடிந்தவரைக்கும் குனிந்து புள்ளி வைக்கிறேன். பதினைந்து வரிசை, வரிசைக்குப் பதினைந்து. புள்ளி வைக்க எனக்கு வருகிறது, இடைவெளிகூடப் பிசகுவதில்லை. கோடு இழுக்கத்தான் வரவில்லை. எங்கே தொடங்குவாள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. சாலையில் போகிறவர்கள் அது இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு சுற்றிப் போகிறார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எறும்புகள் வந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகின்றன.